பூசைக்கு வந்த திராட்சை

திண்டுக்கல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை... சரித்திரம் படித்தவர் என்றால் ஹைதர் அலி. ஒயின் ஞாபகம் வர வாய்ப்பே இல்லை. ஆனால், ஊரிலிருந்து சிறுமலை அடிவாரம் பக்கமாக வெள்ளோடு வரை ஒரு நடை போய்ப் பாருங்கள். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை தொங்கும். இந்த வறண்ட பூமிக்குத் திராட்சை எதற்காக வந்தது என்று கேட்டால், பதில் மாதா கோயில் பூசை மேடைக்கு நம்மை அழைத்துப் போகிறது.

பாரீஸிலும் நியூயார்க்கிலும் இப்போது 'இயற்கை ஒயின்' பெரிய ஃபேஷன். மேற்கொண்டு எதையும் சேர்க்காமல், பழம் தானாகப் பொங்கிப் புளித்து வருவது. யானை விலை! கத்தோலிக்கத் திருச்சபைக்கு இது புதுசே இல்லை. பூசைக்குரிய ஒயின் திராட்சையிலிருந்து மட்டுமே வர வேண்டும். இயற்கையாக இருக்க வேண்டும். கெட்டுப் போயிருக்கக் கூடாது. 1983-ல் வந்த சட்டத் தொகுப்பில் இது 924-ம் விதி. ஆனால், வழக்கம் பல நூற்றாண்டுப் பழசு. நிறத்துக்குச் சட்டம் கிடையாது. இருந்தாலும் பல இடங்களில் வெள்ளை ஒயின்தான். காரணம் ரொம்ப சாதாரணம்... பீடத்தில் விரித்திருக்கும் வெள்ளைத் துணியில் சிவப்பு ஒயின் சிந்தினால் கறை லேசில் போகாது!

இந்த விதி ஐரோப்பாவில் சுலபம். இந்தியாவில்? கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் உலர் திராட்சையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சமாளித்தார்கள். 1599-ல் உதயம்பேரூரில் சங்கம் கூட்டிய கோவா பேராயர் மெனேசிஸுக்கு அது பிடிக்கவில்லை. போர்ச்சுகல் அரசர் வருஷா வருஷம் தானமாக அனுப்பும் ஒன்றரை, இரண்டு பீப்பாய் மஸ்கடல் ஒயினைக் கோயில்களுக்குப் பங்கிடச் சொன்னார். 'மஸ்கடல்' என்ற பெயரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலியின் சங்கடம் இன்னும் பெரிது. காவி கட்டி, மாமிசமும் மதுவும் தொடாத சந்நியாசியாக வாழ்ந்த மனிதர். ஆனால், பூசை வைக்க ஒரு மடக்கு ஒயின் இல்லாமல் முடியாது! அதுவும் கடற்கரையிலிருந்து வந்தாக வேண்டும். ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் வந்து, அப்புறம் நம்மூர் வெயிலில் மாட்டு வண்டியில் குலுங்கினால் நல்ல ஒயினும் காடியாகிவிடும். காடியாகிப் போனதை வைத்துப் பூசை செய்தால், அந்தப் பூசையே செல்லாது. நாலு ஊர் தள்ளி நடந்துவந்த ஜனங்கள் காத்திருக்க, சாமியார் பாட்டிலை மோந்து பார்த்து முகம் சுளித்தால்... அன்றைக்கு அவ்வளவுதான்.

சூட்டில் தாங்கட்டும் என்று, திராட்சையிலிருந்தே காய்ச்சிய சாராயத்தைக் கொஞ்சம் கலந்துகொள்ள ரோம் அனுமதித்தது. 1896-ல் அதற்கும் உச்சவரம்பு வைத்தது: மொத்தச் சாராயம் 18 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. இதைவிடச் சுலபமான வழி, இங்கேயே கொடி வைப்பது!

வேளாண்மைப் புத்தகங்கள் ஒரு வருஷம் சொல்கின்றன - 1832. மதுரை, சேலம் பகுதிகளுக்கு பிரெஞ்சுப் பாதிரியார்கள் திராட்சையைக் கொண்டுவந்தார்களாம். மதுரைப் பக்கத்து மைக்கேல்பட்டி என்று ஊரும் குறிக்கிறார்கள். (திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டம்தானே!)

கேட்ட உடனே 'சேசு சபைச் சாமியார்கள் செய்திருப்பார்கள்' என்று நாம் சொல்லிவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள். சேசு சபையை 1773-ல் போப் கலைத்துவிட்டார். 1814-ல் சபைக்கு மறுபடி உயிர் வந்தாலும், பெர்த்ராந்த் முதலான பிரெஞ்சு சேசு சபையினர் மதுரை மிஷனுக்கு வந்து இறங்கும்போது 1838 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் புதுச்சேரியிலிருந்த பாரீஸ் மிஷன் குருக்கள். 1832 சரியென்றால், மாலை அவர்களுக்குத்தான் விழ வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் 1832 கதையே மறுபடி அச்சேறியது. பன்னீர் திராட்சையின் நிஜப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இங்கிலாந்தில் ஸ்நோ என்ற தோட்டக்காரர் இரண்டு ரகங்களைச் சேர்த்து இதை உருவாக்கியது 1850 வாக்கில்! அதாவது 1832-ல் பன்னீரின் அப்பா அம்மாவுக்கே கல்யாணம் ஆகவில்லை. ஆகவே, முதலில் வந்த கொடி வேறு. பன்னீர் அப்புறம் வந்து பந்தலைப் பிடித்துக்கொண்டது என்பதுதான் பொருந்துகிறது. பன்னீரைப் பெற்ற ரகங்களில் ஒன்று அலெக்ஸாண்ட்ரியா மஸ்கட். போர்ச்சுகீசியர் மஸ்கடல் என்று சொல்வதும் அந்த மஸ்கட் குடும்பத்து வாசனையைத்தான்.

சரி, பன்னீர் கறுப்புப் பழமாச்சே, வெள்ளை ஒயின் எப்படி? பழத்தைப் பிதுக்கிப் பாருங்கள், உள்ளே சாறு கிட்டத்தட்ட நிறமற்றது. சாயம் முழுக்கத் தோலில். நசுக்கியதும் தோலை விலக்கி, சாற்றை மட்டும் ஜாடியில் விட்டால் வெள்ளை. மிஞ்சினால் லேசான ரோஸ். தோலோடு ஊறவிட்டால்தான் சிவப்பு. ஈஸ்ட்டும் தேட வேண்டாம், தோட்டத்திலிருந்தே பழத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

கஷ்டம் வேறு இடத்தில். திராட்சைக்குக் குளிர்காலத் தூக்கம் வேண்டும். திண்டுக்கல் சமவெளியில் அது ஏது? கவாத்து பண்ணிப் பண்ணி, தூங்காத கொடியைத் தட்டி எழுப்பி வருஷத்துக்கு இரண்டு மகசூல் எடுக்கிறார்கள். மழையில் அகப்பட்ட பழத்தில் சர்க்கரை குறையும். சர்க்கரை குறைந்தால் ஒயினில் சாராயச் சத்து குறையும். அது குறைந்தால் காடிக்குக் கொண்டாட்டம். வெள்ளை ஒயின் 20 டிகிரிக்குக் கீழே நிதானமாகப் பொங்கினால்தான் வாசனை நிற்கும். நம்மூரில் பானைத் தண்ணீர்கூட அவ்வளவு குளிராது. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடுகிறவர்கள் கிலோ கணக்கில் சீனி, கிராம்பு, ஒரு பிடி கோதுமை எல்லாம் போட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். சாமியாருக்கு அந்தச் சலுகை கிடையாது. சீனி சேர்த்தால் அது பூசை ஒயினே இல்லை!

அப்புறம் சர்க்கார் வந்தது. ராஜாஜி 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்தார். 1948-ல் மாகாணம் முழுக்க அமலானது. கள்ளுப் பானைகள் உடைந்தன. பூசை ஒயினுக்கு மட்டும் உரிமத்தோடு வழிவிட்டார்கள். அமெரிக்காவில் 1919-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டமும் இதே கதவைத் திறந்து வைத்திருந்தது. அங்கே அந்தக் கதவு வழியாக வேறு பலரும் நுழைந்தது தனிக் கதை.

ரோமும் சர்க்காரும் இத்தனை விதி போட்டது எவ்வளவு ஒயினுக்கு? ஒரு பூசைக்கு 25 மில்லி என்று தாராளமாகவே வையுங்கள். தினம் ஒரு பூசை என்றால் வருஷத்துக்கு ஒன்பது லிட்டர் சொச்சம். ஒரு கிலோ பழத்துக்கு அறுநூறு மில்லி சாறு கிடைத்தால், பதினைந்து பதினாறு கிலோ பழம் போதும். நன்றாகக் காய்க்கிற பன்னீர்க் கொடி ஒன்றே ஒரு வருஷத்தில் அதைக் கொடுத்துவிடும். கோயில் கிணற்றடியில் ஒரு சின்னப் பந்தல், இரண்டு கொடி. ஒன்று பூசைக்கு, இன்னொன்று அணிலுக்கு!