கேட்டால் மட்டும் கிடைக்கும் நாற்காலி

கருவுற்ற பெண்ணை நெடுநேரம் நின்று செய்யும் வேலையில் ஈடுபடுத்தலாகாது என்று 1961 ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் விதித்தது. பேறுகாலத்துக்கு முந்திய ஆறு வாரங்களில் அவள் விடுப்பில் செல்லாத நாள்களுக்கும், அந்த ஆறு வாரங்களுக்கு முந்திய ஒரு மாதத்துக்கும் இவ்விதி பொருந்தும். கணக்கிட்டால் கடைசிப் பத்து வாரங்கள். கதையும் கவிதையும் பேசுகிற இடத்தில் சட்டப் பிரிவு எதற்கு என்று சில நண்பர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம். அந்த விதியின் நடுவே ஒரு சிறிய நிபந்தனை இருக்கிறது. அவளே வேண்டுகோள் விடுத்தால்தான் இந்தப் பாதுகாப்பு. வாய் திறந்து கேட்காதவள் நின்றுகொண்டே இருக்கலாம், சட்டம் மீறப்பட்டதாகாது.

இந்த நிபந்தனையை நாங்கள் ஓசூரை வைத்து யோசிக்கத் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வரும்வரை, சேலம் மாவட்டத்தின் வடகோடியாகவும் பிறகு தர்மபுரி மாவட்டத்தின் வடகோடியாகவும் இருந்த ஊர் அது. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட் தொழிற்சாலையும் வந்தன. 1987 இல் டைட்டன் கைக்கடிகாரங்கள் அங்கே உற்பத்தியாகத் தொடங்கின. லாரியும் மொபெட்டும் செய்த பட்டறைகள் பெரும்பாலும் ஆண்களின் உலகம். கடிகாரத்தின் நுண்பாகங்களைக் கோக்கும் மேசைகளில்தான் பெண்களின் விரல்களுக்கு இடம் கிடைத்தது. 2004 இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. அதன்பின் வந்த மாற்றம் வேகமானது. கைபேசிப் பாகங்கள் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை கேளமங்கலம் பக்கம் எழுந்து, ஆயிரக்கணக்கில் இளம்பெண்களைச் சேர்த்தது. போச்சம்பள்ளியை ஒட்டிய மின்ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா நிறுவனம் 2021 இல் அறிவித்தது. ரோஜாப் பசுமைக்குடில்களிலும் மாம்பழக்கூழ் ஆலைகளிலும் தினக்கூலிக்கு நிற்கும் பெண்கள் தனி. லைனில் நிற்பவளும் குடிலில் நிற்பவளும் ஒன்றில் ஒத்துப்போகிறார்கள்: எட்டு மணி நேரமும் காலில்தான் வேலை.

இவர்களுடைய தாய்மார்கள் காலத்தில் தலைப்பிரசவத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு; அதோடு தாய்வீடு. சடங்கின் சமயப் பொருள் எதுவாயினும், அதன் நடைமுறைப் பயன் ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. முதன்முறை பிள்ளை பெறப்போகிறவளை, பிள்ளை பெற்ற பெண்கள் பலர் இருக்கும் வீட்டுக்குள் இரண்டு மாதம் முன்கூட்டியே கொண்டுபோய் வைத்தது அது. வலி எப்படி வரும், எது பொய்வலி, எப்போது மருத்துவச்சிக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் எந்தப் புத்தகமும் இல்லாமல் அங்கே கைமாறின. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிப் பேச நமக்கு விருப்பமில்லை. நிலமற்ற குடும்பத்துப் பெண் வளைகாப்புக்குப் பின்னும் களையெடுத்தாள். வரப்பில் பிறந்த பிள்ளைகளின் கதை ஊருக்கு ஊர் உண்டு, வரப்பில் இறந்த தாய்மாரின் கதையைத்தான் யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவளைச் சுற்றித் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இன்று ஓசூரில் கணவனோடு லைன் வீட்டில் இருப்பவளின் தாய் தர்மபுரியிலோ திருவண்ணாமலையிலோ இருக்கிறாள். ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் இருப்பதுமுண்டு. மகள் முப்பத்தேழாம் வாரத்திலும் கம்பெனி பஸ் ஏறுகிறாள்.

ஏன் ஏறுகிறாள்? பிடிவாதமோ அறியாமையோ அன்று, கணக்கு. அந்தக் கணக்கு உருவான வரலாறு நூறாண்டுக்கும் மேற்பட்டது.

1919 இல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு மகப்பேறு பற்றி ஓர் உடன்படிக்கை செய்தது. பேற்றுக்குப் பிந்திய ஆறு வாரம் வேலை செய்வதற்குத் தடை. முந்திய ஆறு வாரம் மருத்துவச் சான்றோடு விலகியிருக்க உரிமை. பின்னுக்குத் தடை, முன்னுக்கு உரிமை. இந்தச் சமமின்மை அங்கேயே தொடங்கிவிட்டது. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை. என்.எம். ஜோஷி 1924 இல் மத்திய சட்டசபையில் கொண்டுவந்த மசோதாவும் தோற்றது. பம்பாய் சட்டமன்றத்தில் 1928 இல் இதே பொருள் மீண்டும் வந்தபோது அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்தின் நலன் என்பதும், ஆகவே அரசும் அந்தச் சுமையை ஏற்க வேண்டும் என்பதும் அவர் வாதம். பேற்றுக்கு முந்திய காலத்தை அவர் விடாமல் சேர்த்துச் சொன்னது கவனிக்கத்தக்கது. 1929 இல் பம்பாய்ச் சட்டம் வந்தது. விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம் 1931 இல் நாடெங்கும் இத்தகைய சட்டம் வேண்டும் என்றது. மதராஸ் மாகாணத்தின் சட்டம் 1934 ஆம் ஆண்டினது. ஓசூர் அன்று அம்மாகாணத்தில்தான் இருந்தது, ஆனால் சட்டம் பாதுகாக்கத்தக்க ஆலைத் தொழிலாளிப் பெண்கள் அங்கே அநேகமாக இல்லை.

1961 ஆம் ஆண்டுச் சட்டம் பன்னிரண்டு வாரங்களை இரண்டாகப் பிளந்து வைத்தது: பேறு நிகழும் நாள்வரை ஆறு வாரம், பின் ஆறு வாரம். கடைசி நாள்வரை வேலை செய்தவளுக்கு முன்பாதி வீணாயிற்று. ஆகையால் முன்கூட்டி விலகுவதே இலாபம். 1988 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாக்கியத்தை மாற்றியது. மொத்தம் பன்னிரண்டு வாரம், அதில் பேற்றுக்கு முன்னால் எடுப்பது ஆறுக்கு மிகக்கூடாது என்றாயிற்று. முன்னால் எடுக்காததைப் பின்னால் எடுத்துக்கொள்ளலாம். தகுதிக்கு வேண்டிய வேலைநாள்களும் 160 இலிருந்து 80 ஆகக் குறைந்தன. நல்ல திருத்தம்தான், குழந்தையோடு இருக்கும் நாளைக் கூட்டியது. ஆனால் அதுமுதல், பேற்றுக்கு முன் எடுக்கும் ஒவ்வொரு வார ஓய்வும் பிள்ளையின் முகம் பார்க்கும் ஒரு வாரத்தைத் தின்றுவிடுகிறது. 2017 ஆம் ஆண்டுத் திருத்தம் முதலிரு குழந்தைகளுக்கு இருபத்தாறு வாரம் என்று உயர்த்தி, முன்னால் எட்டு வாரம்வரை அனுமதித்தது. கணக்கின் அமைப்பு மாறவில்லை. கடைசி வாரம்வரை லைனில் நிற்கும் பெண் இந்தச் சட்டத்தை எந்த வழக்கறிஞரையும்விட நன்றாகப் படித்திருக்கிறாள் என்றே நாங்கள் கருதுகிறோம்.

காண்டிராக்டில் இருப்பவளின் கணக்கு வேறு. அவளுக்கு விடுப்பைவிட, திரும்பி வர இடம் இருக்குமா என்பதே கேள்வி. முதலாளி தலையில் மட்டும் செலவை ஏற்றினால் பெண்களையே வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்ற அச்சம் 1920களிலேயே பேசப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் அதற்கொரு விடை: இருவரும் செலுத்தும் நிதியிலிருந்து கழகமே பணம் தரும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, முந்திய இரு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்குப் பங்களிப்புச் செலுத்தியிருந்தால், காண்டிராக்ட் தொழிலாளிக்கும் இருபத்தாறு வாரப் பணம் உண்டு. இருந்தும் அச்சம் போகவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களைச் சேர்க்க மறுக்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் 2024 ஜூனில் செய்தி வெளியிட்டதும், மத்திய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டதும் நினைவிருக்கலாம்.

சட்டம் எழுத்தளவில் தந்ததைக் கையில் பெறுவது எவ்வளவு நீண்ட வேலை என்பதற்கு ஒரு வழக்கு. ஆனைமலைத் தோட்டமொன்றின் தொழிலாளிப் பெண்ணுக்கு 1967 டிசம்பரில் குழந்தை பிறந்தது. நிர்வாகம் 72 நாளுக்குப் பணம் கொடுத்தது. பன்னிரண்டு ஞாயிறுகளைக் கழித்துக்கொண்டது, ஞாயிறு கூலியில்லா நாளாயிற்றே. வாரம் என்றால் ஆறு நாளா ஏழு நாளா? கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய கேள்வி உச்ச நீதிமன்றம்வரை சென்றது. வாரம் என்பது ஏழு நாளே, ஞாயிறுக்கும் பணம் உண்டு என்று 1977 இல் தீர்ப்பாயிற்று. அதற்குள் அந்தக் குழந்தைக்குப் பத்து வயது நெருங்கிவிட்டது.

வாரங்களைச் சட்டம் எண்ணலாம்; வலி அப்படி எண்ணி வருவதில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்று மருத்துவர் எழுதித்தரும் தேதி ஒரு மதிப்பீடு. முப்பத்தேழு வாரம் முடிந்தபின் எந்த நாளும் அந்த நாளாகலாம். நிறைமாதத்திலும் நின்று வேலை செய்பவளுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு: அவளுக்கு இடுப்பு தினமுமே வலிக்கிறது. எது ஷிப்ட் தந்த வலி, எது பிள்ளை தரும் வலி?

நம் பாட்டிமார் சூட்டுவலி என்று ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார்கள். சீரகமோ சோம்போ கொதிக்கவைத்துக் கொடுத்துப் படுக்கவைப்பார்கள், அடங்கினால் சூடு, அடங்காவிட்டால் பேறு. 1872 இல் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் கருப்பை பேற்றுக்கு வெகுமுன்பே இறுகித் தளர்வதை எழுதியபோது அவர் பெயரே அதற்கு நின்றுவிட்டது. (பெயர் வைக்கும் உரிமை எப்போதும் எழுதியவருக்குத்தான்.) சீரகத்தின் மகிமை எப்படியோ, பாட்டியின் சோதனை சரியானதே. ஒழுங்கின்றி வந்து, தண்ணீர் குடித்து இடப்பக்கம் சாய்ந்து படுத்தாலோ சற்று நடந்தாலோ அடங்குவது பொய்வலி. மெய்வலிக்கு ஒரு தாளம் உண்டு. முதுகிலிருந்து முன்னுக்குச் சுற்றி வரும். வயிறு கல்லாக இறுகிப் பின் தளரும். இடைவெளி குறையும், ஒவ்வொன்றும் நீளும், படுத்தாலும் போகாது. கடிகாரம் பார்த்துக் குறிப்பதே வழி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிட அளவு நீடித்து, ஒரு மணி நேரம் அப்படியே தொடர்ந்தால் கிளம்ப வேண்டும். இரண்டாம் பிள்ளையாயின் அவ்வளவு நேரமும் காத்திருக்கலாகாது. அஞ்செட்டி மலைப்பக்கம் போல் மருத்துவமனை தொலைவானால் இன்னும் முன்பே.

இரத்தம் கலந்த கோழைபோல் ஒன்று வெளிப்படுவது வாயில் இளகத் தொடங்கியதன் அடையாளம். வலி அன்றே வரலாம், சில நாள் கழித்தும் வரலாம். பனிக்குடம் உடைவது வேறு. சினிமாவில் எல்லாருக்கும் முதலில் உடைவது அதுதான்; உண்மையில் நிறைமாதத்தில் வலிக்கு முன்பே உடைவது பத்தில் ஒருவருக்கும் குறைவு. பாய்ச்சலாகவும் வரலாம், சொட்டுச் சொட்டாகவும் கசியலாம். சீருடையில் ஈரத்தைக் கண்டு, சிறுநீரென்று வெட்கப்பட்டு ஷிப்ட் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பவள் ஆபத்தை வரவழைக்கிறாள். நீர் கசிந்தால் வலி இல்லாவிட்டாலும் போகவேண்டியதுதான். பச்சையாக இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. இரத்தப்போக்கு, பிள்ளை அசைவு குறைதல், கடுந்தலைவலியோடு கண் மங்கல், முப்பத்தேழு வாரத்துக்கு முன்பே ஒழுங்கான வலி, இவற்றுக்கும் அதே.

வலி தொடங்கியபின் எவ்வளவு நேரம்? பிரீட்மன் என்ற அமெரிக்கர் 1950களில் வரைந்த கோடு, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கைப் பேற்றறைகளுக்குக் கொடுத்தது. வேகம் குறைந்தால் ஊசி, இன்னும் குறைந்தால் கத்தி. உலக சுகாதார நிறுவனம் 2018 இல் அந்தக் கணக்கைத் தளர்த்தியது. ஐந்து சென்டிமீட்டர்வரை இவ்வளவு நேரம் என்ற வரையறை இல்லை. அதற்குமேல் முதற்பேற்றில் பன்னிரண்டு மணி நேரம்வரை ஆகலாம், முக்கிப் பெறுவதற்கு மூன்று மணி நேரம்வரை. மணிக்கு இத்தனை என்ற இலக்கோடு பகலெல்லாம் வேலை செய்த பெண்ணை அங்கேயும் இலக்கு விரட்ட வேண்டியதில்லை என்று நாங்கள் இதைப் படித்துக்கொள்கிறோம்.

எல்லைப்புறத்தில் இன்னொரு சிக்கல். ஜூஜுவாடி தாண்டினால் கர்நாடகம், முதலில் அத்திப்பள்ளி. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்தச் சாலையில் நாற்பது கிலோமீட்டர் எத்தனை மணி நேரம் என்பது ஓசூர்க்காரர்களுக்குத் தெரியும். ஈ.எஸ்.ஐ. அட்டை இரு பக்கமும் செல்லும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவித்தொகை தமிழக அரசினது. 1987 இல் 300 ரூபாயாகத் தொடங்கி இப்போது 18,000 ஆகியிருக்கிறது. ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு, முதலிரு பேறுகளுக்கு. கர்ப்பத்தைத் தொடக்கத்திலேயே கிராமச் செவிலியரிடம் பதிந்து எண் வாங்கியவளுக்கே அது எளிது. 2008 முதல் 108 ஊர்தி உண்டு. அதை அழைக்கும் கைபேசி சில ஆலைகளில் வாயிலோடு வாங்கி வைக்கப்படுகிறது என்பதால், உள்ளே யாரிடம் சொல்லி அழைப்பது என்பதை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. வலியைத் தமிழிலும் கன்னடத்திலும் நோவு என்கிறார்கள், தெலுங்கில் நொப்பி. ஓசூரில் இந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். ஒடியா பேசும் பெண்ணுக்குத்தான் வேண்டும்.

1961 ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது தனிச் சட்டமாக இல்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அது கரைந்துவிட்டது. நெடுநேரம் நிற்கவைக்கலாகாது என்ற விதி அங்கும் இருக்கிறது, அவள் கேட்டால் என்ற நிபந்தனையோடு. கேட்பதை எழுத்தில் கேட்கலாம். தேதியிட்டு, மருத்துவர் குறித்த பேறுநாளைச் சேர்த்து, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு. சூப்பர்வைசரிடமா, காண்டிராக்டரிடமா, அலுவலகத்திலா என்பது ஆலைக்கு ஆலை வேறுபடுகிறது. மூவரிடமும் கொடுப்பதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.