போ தோட்டம்: பகாங்கில் ஊர், பேராக்கில் வாசல்

மாணவர்களே, வரைபடத்தில் கேமரன் மலையைத் தேடுங்க. மாநிலம் பகாங். ஆனால் 1885-இல் வில்லியம் கேமரன் நில அளவைக்கு வந்துபோய்ப் பல்லாண்டு கழித்துப் போடப்பட்ட சாலை, பேராக்கின் தாப்பாவிலிருந்துதான் மேலே ஏறியது.

1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தேர்வுத்தாளில் பெரும்பாலோர் இதோட நிறுத்திடுறாங்க. ரஸ்ஸல் 1933-லேயே இறந்துவிட்டார். அதற்குப் பிறகும் சரிவில் நின்று கொழுந்து பறித்தது யார்? பெரும்பாலும் தமிழர்கள். 1938-இல் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. இந்த ஆண்டையும் விடையில் சேருங்க. புதிய ஆள்வரத்து குறைந்த கதை அதில்தான் இருக்கு.

ஆற்றின் கதையும் சாலை மாதிரிதான். பெர்த்தாம் ஆறு இயல்பில் கிழக்கே, பகாங் பக்கம் ஓடுவது. 1960களில் ரிங்லெட் அருகே சுல்தான் அபு பக்கார் அணை கட்டி, மின்சாரத்துக்காக அந்த நீரைச் சுரங்கம் வழியே மேற்கே பேராக்குக்குத் திருப்பினார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி: தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் மூன்று கேள்வி கேட்டு வரட்டும். முதலில் வந்தவர் யார்? எந்த ஊரிலிருந்து? எந்த லயத்தில் குடியிருந்தார்? பதிலை அவர்கள் சொன்ன பேச்சுத் தமிழிலேயே எழுதச் சொல்லுங்க.