இரண்டு விரல் = 20 சதவீதம்?



பி.காம் படிக்கிறவனுக்கு ஆஸ்பத்திரி வரலாறு எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் எங்கள் தெருவில் இருக்கிறது.

சுங்குவார்சத்திரத்தில் விடியற்காலை நாலரைக்கு எழுந்து பாருங்கள். ரோடு முழுக்க கம்பெனி பஸ்தான். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தார். பெரிய கம்பெனி இல்லை, தகடு அடிக்கும் சின்ன பிரஸ் ஷாப். ஒரு நைட் ஷிப்டில் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

அந்த வருடம்தான் எங்களுக்கு தொழிலாளர் சட்டப் பாடம். 1948-ல் வந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் பின்னால் ஒரு அட்டவணை உண்டு. கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. நடுவிரல் 12. ஒரே கையில் இரண்டு விரல் போனால் 20. சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு குறைந்தது என்பதற்கான கணக்கு இது. தினக்கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் 90 சதவீதம் 540. அதில் 20 சதவீதம் 108. நாளுக்கு 108 ரூபாய், ஆயுசு முழுக்க. 2025 நவம்பரில் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்த பிறகும் விரலுக்கு இத்தனை என்ற முறை மாறவில்லை.

பரீட்சையில் இந்தக் கணக்கை சரியாகப் போட்டேன். ஆனால் அண்ணனால் சட்டை பட்டன் போட முடியவில்லை! போன விரல்கள் மட்டும் காரணமில்லை. தையல் பிரித்த பிறகு வலிக்கிறதே என்று கையைத் துணியில் சுற்றி மாதக்கணக்கில் மடியிலேயே வைத்திருந்தார். மிச்சமிருந்த மோதிர விரலும் சுண்டு விரலும் விறைத்துப் போயின. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம்... அங்கே காயத்தை நன்றாகத்தான் ஆற்றினார்கள். கையை மறுபடி வேலைக்குப் பழக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அப்படிப் பழக்குவதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஆகுபேஷனல் தெரபி. தமிழில் செயல்முறை மருத்துவம் என்று எழுதுகிறார்கள். பெயர் வைத்தது டாக்டர் இல்லை, ஜார்ஜ் பார்ட்டன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். காசநோயும் பக்கவாதமும் வந்து, தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து தன்னைத் தானே தேற்றிக்கொண்டவர். 1917-ல் அவரும் சிலரும் சேர்ந்து இதற்கு ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதே வருடம் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. அடிபட்டுத் திரும்பிய சிப்பாய்களால் இந்தத் தொழில் வளர்ந்தது.

இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். பிறப்பில் அமெரிக்கர், எலிசபெத் லண்டி என்பது பழைய பெயர். 1950-ல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952-ல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மாணவர்கள் குறைந்தது 1000 மணி நேரம் நோயாளிகளோடு நேரடியாகப் பயிற்சி பெற வேண்டும் என்பது அந்தக் கூட்டமைப்பு வைத்திருக்கும் விதி.

சரி, நம்ம ஊர்ப்பக்கம் வருவோம். வாலாஜாபாத் வழியாகப் போனால் செங்கல்பட்டு. அங்கே திருமணியில் ஒரு தொழுநோய் மருத்துவமனை. 1947 வாக்கில் வேலூர் சி.எம்.சி.யிலிருந்து பால் பிராண்ட் என்ற எலும்பு முறிவு டாக்டர் அங்கே வந்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி இரும்பு மாதிரி இருந்தது! அதாவது கை சாகவில்லை, சில தசைகள் உயிரோடு இருக்கின்றன. அடுத்த வருடமே வேலூரில் நல்ல தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி விரலை நிமிர்த்தும் ஆபரேஷனைத் தொடங்கினார்.

முக்கியமான விஷயம் இதற்குப் பிறகுதான். ஆபரேஷன் முடிந்து போன ஒருவர் திரும்பி வந்து, கை நேரானதால் பிச்சைகூட விழவில்லை என்றார். விரல் நிமிர்ந்தது, பிழைப்பு நிமிரவில்லை. அதனால்தான் சி.எம்.சி. வளாகத்தில் நவஜீவ நிலையம் என்று சில குடிசைகள் போட்டு, தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றுக்கொடுத்தார்கள். உணர்ச்சியில்லாத கைக்கு எந்தக் கருவி எங்கே காயம் உண்டாக்குகிறது என்று கவனித்து, கைப்பிடியை மாற்றினார்கள்.

அதே வேலூரில் மேரி வர்கீஸ் என்ற டாக்டர். 1954 ஜனவரியில் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கினார். 1972-ல் பத்மஸ்ரீ. முதுகுத்தண்டு அடிபட்டவர் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, குளிப்பது, உடுத்துவது, ஒரு வேலை பார்ப்பது... இதெல்லாமும் சிகிச்சைதான் என்று நம் பக்கத்தில் நிலைநாட்டியவர் அவர்.

தொழுநோய்க்கும் பிரஸ் மெஷினுக்கும் என்ன சம்பந்தம்? கை! அட்டவணை போன விரலை எண்ணுகிறது. அது தேவைதான், அந்தப் பணத்தில்தான் அண்ணன் வீட்டில் அடுப்பெரிகிறது. ஆனால் மிச்சமிருக்கும் விரலை எண்ணுவது செயல்முறை மருத்துவர் வேலை. வீக்கத்தைக் குறைப்பது, விறைக்காமல் ஸ்பிளின்ட் போடுவது, தழும்பை நீவிப் பழக்குவது, பட்டன், ஸ்பூன், ஸ்பேனர் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கப் பழக்குவது. வேலூர் இங்கிருந்து அதே ஹைவேயில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. 1950-களில் அங்கே கண்டுபிடித்தது, எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

போன மாதம் பேங்கில் அண்ணன் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேனாவைப் பிடிக்கவே முடியவில்லை. வேலூர்க் கைப்பிடிகளைப் பற்றிப் படித்தது ஞாபகம் வந்தது. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி பேனா மேல் தடிமனாகச் சுற்றிக் கொடுத்தேன். கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, கோணல்மாணலாக, ஆனால் முழுப் பெயரையும் எழுதினார். “முன்னாடியே யாராச்சும் சொல்லியிருக்கலாமே தம்பி” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது கையில் அடிபட்டால், டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “கைக்குப் பயிற்சி எப்போது ஆரம்பிக்கணும், யார்கிட்ட போகணும்?” தையல் பிரித்து ஆறு மாதம் கழித்துக் கேட்டால், விரல் இருந்தும் இல்லாத மாதிரிதான்.