கடல் கொண்ட மணல்வீடும் முகாம் பிள்ளைகளும்

நெய்தல் நிலத்துச் சிறுமியர் மணலில் சிற்றில் கட்டி, பாவை செய்து விளையாடுவதைச் சங்கப் புலவர்கள் வண்டல் என்றார்கள். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய 124-ஆம் பாட்டில், தன் பாவையைக் கடல் கொண்டுபோன ஆத்திரத்தில் ஒருத்தி மணலை அள்ளிப் போட்டுக் கடலையே தூர்க்கப் பார்க்கிறாள். சிறுபிள்ளைத்தனம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு என்னால் அப்படிப் படிக்க முடியவில்லை.

அன்று காலை ஆறரைக்குச் சற்று முன்பு பூமி ஆடியது. பின்னாலேயே கடல் வந்தது. பேரிழப்புக்கு ஆளான தீவுகளில் கச்சால் ஒன்று. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய நம் தமிழ்க் குடும்பங்களை அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தியிருந்தார்கள். தேயிலைத் தோட்டம், ரப்பர் தோட்டம், கடைசியில் நிவாரண முகாம்!

அபர்டீன் பஜார் வியாபாரிகள் நாங்கள் அரிசியும் பாயும் துணியும் கொண்டுபோனோம். பிள்ளைகளுக்குப் பந்து, பொம்மை. அதை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளைகள் முற்றத்து மண்ணில் வீடு கட்டி, குவளைத் தண்ணீரை ஊற்றிக் கரைத்தாங்க. மறுபடி கட்டினாங்க. "அபசகுனம்" என்று பெரியவர்கள் அதட்டினார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃபிராய்டு இதையேதான் கண்டார். அங்கே பிள்ளைகள் கட்டைகளால் வீடு கட்டிக் குண்டு போட்டு விளையாடினார்கள். நடந்ததைக் கைக்கு அடக்கமாகச் சுருக்கிக்கொள்ளும் வழி அது. ஆனால் தனியே, சிரிப்பில்லாமல், அதையே திரும்பத் திரும்ப ஆடும் பிள்ளைக்குப் பயம் தணிவதில்லை. 1976-இல் கலிபோர்னியாவில் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்ட 26 குழந்தைகளை ஆராய்ந்த லெனோர் டெர் இதை எடுத்துக்காட்டினார். கூட ஆள் வேண்டும்.

நம்ம விளையாட்டுகளில் அந்த ஆள் உண்டு. கண்ணாமூச்சியில் ஒளிந்தவன் கண்டெடுக்கப்படுகிறான்; பாண்டியில் தோற்றவளுக்கு அடுத்த ஆட்டம் இருக்கிறது. 2005-இல் இங்கே வந்த பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பிள்ளைகளுக்கு மாத்திரையைவிட ஓவியம், நாடகம், கூட்டு விளையாட்டு இவற்றையே பெரிதும் நம்பினார்கள்.

பாண்டிக்கு ஓட்டுச் சில்லும் பல்லாங்குழிக்குச் சோழியும் போதும். இரண்டும் தீவில் தாராளம். கூட உட்கார வேண்டிய பாட்டிமார்தான் நிவாரணப் பதிவு வரிசையில் நின்றுகொண்டிருந்தாங்க.