உதகை ஏரியும் நம் கடமையும்

மலைநாட்டு நீர்நிலைகளுள் எதனை முதலிற் புதுப்பித்தல் தகும் என்னும் வினா நம்மவரிடையே அடிக்கடி எழுகின்றது. உதகை ஏரியைத் தூர்வாருதலே முதற்காரியம் என்பர் பலர். அவ்வேரியின் வரலாற்றை நோக்குவார்க்கு வேறொரு முடிபு தோன்றும்.

கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சலிவன் துரை 1819ஆம் ஆண்டில் இம்மலைக்கு வந்தார். 1823இல் ஓடைகளை மறித்துக் கரையெடுக்கத் தொடங்கினார். 1825இல் ஏரி முற்றுப்பெற்றது. இன்று படகுத்துறையாகவே அஃது அறியப்படினும், பாசனத்துக்கு நீர் தேக்குதலே அவர் கருதிய பயனாகும். பின்னர்க் கரை பலமுறை உடைந்தது. ஏரியின் தலைப்பகுதி படிப்படியாகத் தூர்ந்து குதிரைப் பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் ஆயிற்று. எஞ்சிய ஏரியைச் சுற்றுலாத் துறையார் 1973இல் ஏற்றனர்.

தூர்ந்ததன் காரணம் யாது? சரிவுகளினின்று அரிக்கப்படும் மண்ணும் நகரத்துக் கழிவும் கோடப்பமந்துக் கால்வாய் வழியே ஏரியிற் புகுகின்றன. வாயில் திறந்திருக்க வீட்டைப் பெருக்குவார் உளரோ? வரத்துக்காலைச் செப்பனிடாது ஏரியை மட்டும் வாரினால், வாரிய குழியை அடுத்தடுத்த மழைகளே நிரப்பிவிடும். செலவிட்ட பொருளும் உடன் புதையும்.

ஆதலின் நாம் கொள்ளத்தக்க முறை இது: கரைக்கும் கலிங்குக்கும் ஊறு நேராமற் காத்தல் எஞ்ஞான்றும் முற்பட்டது. உடைப்பு நேருங்கால் ஊரார் திரண்டு வருதல் வேண்டும் என்று 1858ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்றப்பட்டது. அதனையடுத்துக் கால்வாயும் ஓடைக்கரைகளும். அவற்றின் பின்னரே தூர்வாருதல். 2024இல் அரசாங்கத்தார் மீட்ட 52 ஏக்கர் பந்தயத் திடலில் ஒரு பகுதியேனும் வண்டல் படியும் குளமாகுமாயின் ஏரிக்குப் பெருங்காப்பாகும்.

இஃது உதகைக்கு மட்டும் உரிய காரியமன்று. ஏரியின் மிகுநீர் காமராஜ் சாகர் அணையை அடைந்து, மோயாற்றின் வழியே பவானிசாகருக்குச் செல்கின்றது. மலையில் நீரைக் கெடுப்பவன் சமவெளி உழவனின் வயலையும் கெடுக்கின்றான்.

கால்வாய்ப் பணி அரசாங்கத்தாரைச் சார்ந்தது. நாம் ஒருமித்து விண்ணப்பித்தல் வேண்டும். ஓடைக்கரை நம் கையிலுள்ளது. காரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் நம் குடும்பங்கள் சரிவுக்குக் குறுக்கே பாத்தி கட்டுக. ஓடையோரத்தைக் கொத்தாது புல்வளர விடுக. விண்ணப்பத்துக்கு விடை வருமுன்னரே இப்பணி தொடங்கலாகும்.