துப்பாக்கிக் கண்ணாடியின் தாங்கி

முதல் மகாயுத்தத்தின்போது பிரான்ஸ் போர்முனைக்கு வந்துசேர்ந்த பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகள் பலவற்றில் தூரதிருஷ்டிக் கண்ணாடியானது, மேலிருந்து தோட்டாக்களைக் கொத்தாகச் செலுத்துவதற்கு வழிவிட வேண்டும் என்ற காரணத்தால், குழலுக்கு நேர்மேலே அமையாமல் இடப்புறமாக ஒதுக்கிப் பொருத்தப்பட்டிருந்தது. விபரீதமான யோசனை என்றே சொல்லத் தோன்றுகிறது. மறைந்திருந்து நிதானமாகக் குறிபார்ப்பவனுக்கு அத்தனை அவசரம் எதற்கு? பார்வைக்கோடும் தோட்டாவின் பாதையும் பக்கவாட்டில் விலகி நின்றமையால் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் மட்டுமே அவை சந்தித்தன. அதனினும் பெரிய சங்கடம், அகழியில் காப்பாக நிறுத்திய எஃகுத் தகட்டின் சிறு துவாரத்தில் குழலை நீட்டினால், கண்ணாடிக்கு முன்னே அத்தகடே நின்று மறைத்தது. குறிச்சூட்டுப் பள்ளியை நிறுவிய ஹெஸ்கெத்-பிரிச்சார்டு 1920-இல் வெளியான தம் நூலில் இக்குறையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அடுத்த யுத்தத்தில், 1942 முதல், லண்டன் ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனத்தார் லீ-என்ஃபீல்டு நான்காம் எண் துப்பாக்கியின் இடப்பக்கத்திலேயே கண்ணாடியின் தாங்கியைப் பூட்டினாலும், அதை மேலே வளைத்துக் கண்ணாடியைக் குழலின் நேர்மேலே நிறுத்தினர். இரண்டு பெரிய திருகாணிகளைத் தளர்த்தினால் அது கழன்றுவிடும். கண்ணாடி உயர்ந்தபடியால், கன்னத்தைப் பதிப்பதற்குப் பின்கட்டையில் ஒரு மரத்துண்டும் சேர்ந்தது. ஒவ்வொரு தாங்கியும் தனக்குரிய துப்பாக்கியோடு இசைவித்துச் சரிபார்க்கப்பட்டதால், மாற்றிப் பூட்டிக் குறி பிசகாதிருக்கும் பொருட்டு, அத்துப்பாக்கியின் எண்ணையே தாங்கியின்மீதும் பொறித்து வைத்தனர்.