கூட்டணியின் ஆயுள்: ‘சர்வைவர்’ நிகழ்ச்சியில் வாக்கு உத்தி மாறிய வரலாறு (2000–2019)

அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி 2000ஆம் ஆண்டு மே 31 அன்று ‘சர்வைவர்’ நிகழ்ச்சியை ஒளிபரப்பத் தொடங்கியது. களம், மலேசியாவின் சபா கரைக்கு அப்பால் உள்ள புலாவ் திகா தீவு. போட்டியாளர்கள் 16 பேர், காலம் 39 நாள், பரிசு 10 லட்சம் டாலர். பிரிட்டனைச் சேர்ந்த சார்லி பார்சன்ஸ் உருவாக்கிய இந்த வடிவம் 1997இலேயே சுவீடனில் ‘எக்ஸ்பெடிஷன் ராபின்சன்’ என்ற பெயரில் ஒளிபரப்பாகியிருந்தது. அன்றைய விதிகள் எளியவை. இரண்டு அணிகள் மோதும். தோற்ற அணி தன் உறுப்பினர் ஒருவரை வாக்களித்து வெளியேற்றும். பாதி வழியில் அணிகள் ஒன்றாகும். அதன்பின் ஒவ்வொருவரும் தனித்து நிற்க வேண்டும். கடைசியாக எஞ்சும் இருவரில் யாருக்குப் பரிசு என்பதை, அதற்குச் சற்று முன் வெளியேற்றப்பட்ட 7 பேர் ஜூரியாக அமர்ந்து தீர்மானிப்பார்கள்.

இந்தக் கடைசி விதிதான் ஆட்டத்தின் உயிர். யாரை வெளியே அனுப்பினோமோ அவர்களிடமே போய்ப் பரிசு கேட்க வேண்டும். 2017 முதல் ‘பிக் பாஸ்’ பார்த்துப் பழகிய தமிழ்ப் பார்வையாளர்களுக்கு வேறுபாடு எளிதில் புரியும். அங்கே முடிவு செய்வது வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவரின் வாக்கு. அதனால் அங்கே கூட்டுச் சேர்வதும் பிரிவதும் வெளியே இருப்பவர் கண்ணில் எப்படிப் படும் என்ற கணக்குக்குள் வந்துவிடுகிறது. 2021இல் ஜீ தமிழ் சான்சிபாரில் படம்பிடித்து, அர்ஜுன் தொகுத்து வழங்கிய தமிழ் ‘சர்வைவர்’ இதற்கு மாறானது. வெளியேற்றும் வாக்கு போட்டியாளர்கள் கையிலேயே இருந்தது.

அமெரிக்கப் பதிப்பில் கூட்டணிகளின் ஆயுள் 2000இலிருந்து 2015க்குள் வெகுவாகக் குறைந்தது. தொடக்கத்தில் ஒரு கூட்டணி வாரக்கணக்கில் நின்றது. பின்னர் ஓர் இரவின் வாக்கெடுப்போடு முடிந்தது. பிந்திய போட்டியாளர்கள் முந்தியவர்களைவிட நேர்மை குறைந்தவர்கள் என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். பருவங்களின் வாக்கு எண்ணிக்கையையும் விதி மாற்றங்களையும் சேர்த்துப் படித்தால் இந்த விளக்கம் நிற்பதில்லை. ஆயுளைக் குறைத்தவை விதிகள். குறிப்பாக, 2005இல் நுழைந்த ஒரே ஒரு விதி.

நால்வரின் ஒப்பந்தம்

முதல் பருவத்தில் டாகி அணியைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாட்ச், ஓய்வுபெற்ற கடற்படை வீரர் ரூடி போஷ், லாரி ஓட்டுநர் சூசன் ஹாக், கெல்லி விகில்ஸ்வொர்த் ஆகிய நால்வரும் ஒன்றாக வாக்களிப்பது என்று முடிவு செய்தனர். எதிரணியான பகாங்கில் பெரும்பாலோர் இப்படிச் சேர்ந்து வாக்களிப்பதையே முறையற்றதாகக் கருதினர். தகுதியில்லாதவர் போக வேண்டும், தகுதியானவர் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிலை. அதில் ஒரு நேர்மை இருந்தது. அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை.

அணிகள் இணைந்தபின் நடந்த முதல் வாக்கெடுப்பில் மொத்தம் 10 வாக்குகள். பகாங்கின் தலைமை போல் விளங்கிய கிரெட்சன் கோர்டிக்கு எதிராக 4 வாக்குகள் விழுந்தன. மற்ற 6 வாக்குகளும் ஆறு வெவ்வேறு பெயர்களுக்குச் சிதறின. கிரெட்சன் வெளியேறினார். 10இல் 4 என்பது பெரும்பான்மையே அல்ல. அரசியலறிஞர் வில்லியம் ரைக்கர் கூட்டணிகளைப் பற்றி 1962இல் எழுதிய நூலில், வெல்வதற்குத் தேவையான அளவுக்கு மேல் கூட்டணி பெருகாது என்று வாதிட்டார். புலாவ் திகாவில் அந்த அளவுகூடத் தேவைப்படவில்லை. எதிரில் யாரும் ஒன்றுசேராதபோது நால்வரே போதும்.

டாகியின் ஐந்தாமவரான மருத்துவர் ஷான் கெனிஃப் யாரையும் புண்படுத்த விரும்பாமல், பெயர்களின் அகரவரிசைப்படி வாக்களிப்பதாக அறிவித்தார். அவருடைய அடுத்த வாக்கு எங்கே விழும் என்பது நால்வருக்கும் முன்கூட்டியே தெரிந்துபோனது. தங்கள் வாக்கை அதோடு பொருத்திக்கொள்ள முடிந்தது. யாரோடும் சேராமல் ஒதுங்கி நிற்க நினைத்தவரின் வாக்கும் இப்படிச் சேர்ந்திருந்தவர்களுக்கே பயன்பட்டது. இந்த ஆட்டத்தில் ஒதுங்கி நிற்க இடமே கிடையாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று பிந்திய பருவங்களிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

கூட்டணி கடைசி நாட்கள் வரை நின்றாலும் உள்ளே விரிசல் கண்டிருந்தது. கெல்லிக்கு இந்த ஏற்பாடு உறுத்தியது. இடையில் விலகிப் போகவும் முயன்றார். எஞ்சிய மூவருக்கான இறுதிப் போட்டியில் சிலை ஒன்றின் மீது கையை வைத்தபடி நிற்க வேண்டும். ஹாட்ச் தானாகவே கையை எடுத்து விலகினார். வென்றால் ரூடியையோ கெல்லியையோ அவரே வெளியேற்ற வேண்டியிருக்கும். ரூடியை அனுப்பினால் அவருடைய வாக்கை இழக்க நேரும். ரூடியோடு இறுதிக்குப் போனால் ஜூரியில் ரூடிக்கு இருந்த மதிப்பின் முன் தோற்க நேரும். கெல்லி வென்றார், ரூடியை அனுப்பினார். ரூடி ஜூரியில் அமர்ந்து ஹாட்சுக்கே வாக்களித்தார். சூசன் ஹாக் எழுந்து ஹாட்சைப் பாம்பு என்றும் கெல்லியை எலி என்றும் சாடினார்; பாம்பு எலியை விழுங்குவதே இயற்கை என்று சொல்லிவிட்டு ஹாட்சுக்கு வாக்களித்தார். முடிவு 4–3. ஆகஸ்ட் 23 அன்று ஒளிபரப்பான அந்த இறுதிப் பகுதியை அமெரிக்காவில் 5 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். அடுத்த பருவங்களில் கலந்துகொள்ளப் போகிறவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

அடுக்கின் கடைசியில் இருப்பவர்

எல்லோரும் கூட்டணி கற்றுக்கொண்டதும் ஆட்டம் எண்ணிக்கைக்குச் சுருங்கியது. இணையும்போது எந்த அணியில் ஆள் அதிகமோ அது மற்றதை ஒவ்வொருவராக வெளியேற்றும். 2001இல் ஆஸ்திரேலியப் பருவத்தில் அணிகள் 5–5 என இணைந்து, முதல் வாக்கெடுப்பு சமனானது. முன்பு யார் மேல் அதிக வாக்கு விழுந்திருந்ததோ அவர் வெளியேற வேண்டும் என்பது அன்றைய விதி. ஜெஃப் வார்னர் அப்படித்தான் போனார். அவரோடு அவருடைய அணியின் வாய்ப்பும் போனது. கென்யாவில் நடந்த மூன்றாம் பருவத்தில், பாதியில் உறுப்பினர்களை அணி மாற்றும் முறையைத் தயாரிப்பாளர்கள் புகுத்தினர். கூட்டணியை உடைக்கத் தயாரிப்புத் தரப்பு எடுத்த முதல் பெரிய முயற்சி அது.

ஆனால் முதல் உண்மையான கவிழ்ப்பு போட்டியாளர்களிடமிருந்து வந்தது. பிரெஞ்சு பாலினீசியாவின் மார்கேசாஸ் தீவுகளில் நடந்து 2002இல் ஒளிபரப்பான பருவத்தில் ரோட்டு அணியின் ஜான், டாமி, ஸோயி, ராபர்ட் ஆகிய நால்வர் தலைமையில் ஒரு கூட்டணி இருந்தது. நெலே டெனிஸ், பாஸ்கல் இங்லிஷ் இருவரும் அதன் ஓரத்தில் இருந்தனர். ஒரு போட்டியில் கேள்விக்குச் சரியான விடை சொன்னவர் மற்றொருவரின் வாய்ப்பை வெட்டிவிடலாம். நால்வரும் யாரை முதலில் வெட்டினார்கள், யாரைக் கடைசிவரை விட்டுவைத்தார்கள் என்பதை எல்லோரும் பார்த்தார்கள். வெளியாட்கள் போனதும் அடுத்த குறி தாங்களே என்பது நெலேவுக்கும் பாஸ்கலுக்கும் அங்கேயே விளங்கிவிட்டது. 9 பேர் இருந்த அந்தக் கட்டத்தில் அவர்கள் கேத்தி, ஷான், வெசெபியா மூவருடன் சேர ஐவராயினர். ஜான் கேரல் வெளியேறினார். பருவத்தை வென்றவர் வெசெபியா டவரி. நெலே 4–3 என்று தோற்றார்.

பெரிய கூட்டணிக்குள் ஐந்தாமவராகவும் ஆறாமவராகவும் இருப்பவருக்கு அங்கே தங்குவதால் கிடைப்பது சில நாட்கள் மட்டுமே. இதை மார்கேசாஸ் காட்டியது. அடுத்த ஆண்டு அமேசான் பருவத்தில் ராப் செஸ்டர்னினோ, எந்தக் குழுவோடும் நிலையாக நில்லாமல், ஒவ்வொரு வாரமும் யாருக்குத் தன் வாக்கு தேவையோ அவர்களிடம் போனார். மூன்றாம் இடம்வரை வந்தார். கடைசிப் போட்டியில் வென்ற ஜென்னா மொராஸ்கா அவரைத் தன் பக்கத்தில் இறுதிக்கு அழைத்துச் செல்லவில்லை.

ஒளித்துவைக்கப்பட்ட சிலை

2005இல் குவாதமாலாப் பருவத்தில் ‘ஹிடன் இம்யூனிட்டி ஐடல்’ வந்தது. முகாமுக்கு அருகே ஒளித்துவைக்கப்பட்ட சிறு சிலை; கண்டெடுத்தவர் வாக்கெடுப்பிலிருந்து தப்பலாம். பலவீனமான தரப்புக்குக் கிடைத்த ஒரு வாய்ப்பு என்ற அளவில்தான் அது முதலில் பார்க்கப்பட்டது.

அது கூட்டணியின் கணக்கையே மாற்றியது. 9 பேரில் 5 பேர் சேர்ந்தால் போதும் என்பது பழைய கணக்கு. எதிர்த்தரப்பில் ஒருவரிடம் சிலை இருக்கலாம் என்றால் ஐவர் போதாது. அவருக்கு எதிரான 5 வாக்குகளும் செல்லாமல் போகும், எதிர்த்தரப்பின் 4 வாக்குகள் இவர்களில் ஒருவரை அனுப்பிவிடும். தப்ப வேண்டுமானால் வாக்குகளை இரண்டு பெயர்களுக்குப் பிரித்துப் போட வேண்டும். அப்படிப் பிரித்தும் வெல்ல வேண்டுமானால் 6 பேராவது தேவை. ரைக்கர் சொன்ன குறைந்த அளவு இங்கே உயர்ந்துவிடுகிறது. கூட்டணி பெருகப் பெருக, அதன் அடித்தட்டில் இருப்போரும் பெருகுகிறார்கள். மார்கேசாஸில் நெலேவும் பாஸ்கலும் எடுத்த முடிவை எடுக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். கூட்டணிகளின் ஆயுள் குறைந்ததன் வேர் இங்கே இருக்கிறது என்பது என் முடிவு. மனிதர் மாறியதாகக் கொள்ளத் தேவையே இல்லை.

சிலையின் ஆற்றலை முதலில் முழுதாக உணர்ந்தவர் 2006 குக் தீவுகள் பருவத்தின் யூல் க்வான். அணி மாற வாய்ப்பு தரப்பட்டபோது கேண்டிஸ், ஜொனாதன் பென்னர் இருவரும் அய்ட்டு அணியை விட்டுப் போய்விட, யூல், ஆஸி, பெக்கி, சுண்ட்ரா என நால்வரே மிஞ்சினர். இணைந்தபோது நிலைமை 4–5. அந்தப் பருவத்தின் சிலையை வாக்குகள் படிக்கப்பட்ட பின்னும் பயன்படுத்தலாம். யூல் தன்னிடம் சிலை இருப்பதைப் பென்னரிடம் வெளிப்படையாகச் சொன்னார். தனக்கு எதிராக வாக்கு விழுந்தால் பாதிக்கப்படப்போவது பென்னரே என்பதையும் விளக்கினார். பென்னர் திரும்பி வந்தார். சிலை ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை. இருக்கிறது என்ற செய்தியே வேலையை முடித்தது.

அதே பருவத்தில் இறுதிக்குச் செல்வோர் இருவரிலிருந்து மூவராயினர். இதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. இருவர் மட்டும் போக முடியும் என்றால் மூவரின் நட்பு கடைசி நாளில் உடைந்தே தீரும். ஹாட்ச், ரூடி, கெல்லிக்கு நேர்ந்தது அதுதான். மூவர் போகலாம் என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. யூலும் பெக்கியும் தொடக்க நாட்களில் செய்த உடன்பாட்டை இறுதி மேடைவரை காத்தார்கள். யூல் 5–4–0 என்று வென்றார். விதி கூட்டணியைக் கரைத்தது போலவே, வேறொரு விதி அதைக் காக்கவும் செய்தது.

ஒன்பது வாக்குகள், மூன்று வாக்குகள்

2015இல் கம்போடியாவில் நடந்த பருவத்தில் முன்பு தோற்றவர்களே மீண்டும் வந்தனர். கெல்லி விகில்ஸ்வொர்த்தும் 15 ஆண்டுகளுக்குப் பிறகு வந்திருந்தார். ‘கூட்டணி’ என்ற ஏற்பாடே காலாவதியாகிவிட்டது, ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் தனித்தனியாகச் சேர்ந்து கலையும் ‘வாக்குத் தொகுதி’தான் இனி என்று ஸ்டீஃபன் ஃபிஷ்பாக் வாதிட்டார். அந்தப் பருவம் பெரும்பாலும் அப்படித்தான் நகர்ந்தது. 12 பேர் இருந்தபோது கெல்லி வென்ட்வொர்த் என்ற மற்றொரு போட்டியாளருக்கு எதிராக 9 வாக்குகள் விழுந்தன. அவர் சிலையை எடுத்து நீட்டினார். ஒன்பதும் செல்லாமல் போக, மிச்சமிருந்த 3 வாக்குகளில் ஆண்ட்ரூ சாவேஜ் வெளியேறினார். நான்கில் மூன்று பங்கு பெரும்பான்மையும் பாதுகாப்பு இல்லை என்றானது.

ஆனால் ஸ்டீஃபன் இறுதிவரை போகவில்லை. ஜெரமி காலின்ஸ் போனார். தன்னைவிடப் பெரிய குறியாகத் தெரிபவர்களை அருகில் வைத்துக் காத்துக்கொண்டும், சிலரிடம் கடைசிவரை சொன்ன சொல் தவறாமலும் ஆடியவர் அவர். ஜூரியின் 10 வாக்குகளும் அவருக்கே கிடைத்தன. ஒரே இரவு நீடிக்கும் தொகுதிகள் ஒருவரை இறுதி மேடைவரை கொண்டுபோகலாம். அங்கே அமர்ந்திருப்போர் தம்மிடம் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். 2009 சமோவாப் பருவத்தில் ரஸ்ஸல் ஹான்ட்ஸ் இதற்கு விலை கொடுத்தார். இணைந்தபோது 4–8 என்ற நிலையிலிருந்து தன் தரப்பை மீட்டவர், குறிப்பு எதுவும் இல்லாமலே சிலைகளைத் தேடி எடுத்தவர். ஜூரி 7–2 என்று நட்டாலி வைட்டைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தீர்ப்பைத் தவறு என்பவர்கள் ஜூரியைச் சதுரங்க நடுவராக எண்ணுகிறார்கள். அவர்கள் ரஸ்ஸலோடு ஒரே முகாமில் பசியோடு கிடந்தவர்கள். அவர்களுடைய மதிப்பைப் பெறுவதும் ஆட்டத்தின் பகுதிதான்.

ஜூரியே கூட்டணியானபோது

2017இல் தயாரிப்பாளர்கள் இறுதி நால்வர் கட்டத்தில் தலையிட்டனர். போட்டியில் வென்றவர் ஒருவரைத் தன்னோடு அழைத்துக்கொள்ள, மற்ற இருவரும் தீமூட்டிப் போட்டியிட வேண்டும். பென் ட்ரீபர்கனை அனுப்ப மற்ற மூவருக்கும் போதிய வாக்குகள் இருந்தன; வாக்கெடுப்பே நடக்கவில்லை. பென் தீமூட்டி வென்றார், பருவத்தையும் வென்றார்.

2019இன் ‘எட்ஜ் ஆஃப் எக்ஸ்டிங்ஷன்’ பருவம் இன்னும் ஒரு படி போனது. வெளியேற்றப்பட்டவர்கள் வேறொரு கரையில் தங்கி, மீண்டும் ஆட்டத்துக்குள் நுழையக் காத்திருக்கலாம். மூன்றாவதாக வெளியேற்றப்பட்ட கிறிஸ் அண்டர்வுட், கடைசி நாட்களில் நடந்த போட்டியில் வென்று உள்ளே வந்தார். தனக்குக் கிடைத்த பாதுகாப்பைத் துறந்து, தீமூட்டும் போட்டியில் ரிக் டெவன்ஸை நேருக்கு நேர் தோற்கடித்தார். இறுதியில் 39 நாட்களும் வெளியேறாமல் ஆடிய காவின் விட்சனையும் ஜூலி ரோசன்பெர்கையும் 9–4–0 என்று வென்றார். அவருக்கு வாக்களித்தவர்களில் பலர், அந்தக் கரையில் கிறிஸோடு நாட்களைக் கழித்தவர்கள். சேர்ந்து வாக்களிப்பது என்று அவர்கள் யாரும் உடன்பாடு செய்திருக்கத் தேவையில்லை. யாரையும் வெளியேற்ற வேண்டிய கட்டாயம் இல்லாத ஓர் இடத்தில் அவர்களுக்குள் உறவு வளர்ந்திருந்தது. உள்ளே வாரக்கணக்கில் வாக்கு எண்ணிக்கொண்டிருந்த எந்தக் கூட்டணியின் கணக்கிலும் அது சேரவில்லை.